கோபுரம் ஆக்லாந்தில், கீழ்த்தளம் காயலான் கடையில்

1961 டிசம்பரில் டையூ கரையை நோக்கி ஐ.என்.எஸ். டெல்லி சுட்ட கதை இந்த வாரம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். அதற்குள் போகுமுன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். சுட்ட அந்தப் பீரங்கி இப்போது எங்கே? டெல்லியிலும் இல்லை, மும்பையிலும் இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், டெவன்போர்ட் கடற்படைத் தளத்தின் வாசலில் நிற்கிறது. 1978 ஜூன் 30 அன்று கப்பலுக்கு ஓய்வு கொடுத்து பம்பாயில் உடைக்க அனுப்பியபோது, அதன் பின்பக்கப் பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றி நியூசிலாந்து அரசுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டோம். கப்பல் பழைய இரும்பானது. கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் கொடுத்த விதத்திலும், அவர்கள் அதை வைத்திருக்கும் விதத்திலும், நாம் பொதுவாக வரலாற்றைப் பாதுகாக்கும் விதத்திலும் ஒரே குறைதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மேல்பாகத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, அதை இயக்கிய கீழ்ப்பாகத்தைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுகிறோம்.

போர்க்கப்பலின் மேல்தளத்தில் நாம் பார்க்கிற இரும்புக் கூண்டும் நீண்ட குழாய்களும் கோபுரத்தின் உச்சி மட்டுமே. நம் கம்பம் பள்ளத்தாக்கில் கிணற்று மேட்டில் நிற்பவனுக்கு மோட்டார் ரூமும் வாய்க்காலில் விழும் தண்ணீரும் தெரியுமே தவிர, பாறையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கும் வேலை தெரியாது, இதுவும் அப்படித்தான். அயோவா வகைப் போர்க்கப்பல்கள் நான்குமே இன்று அமெரிக்காவில் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. அவற்றில் ஒரு கோபுரத்துக்கு 16 அங்குல வாயுள்ள மூன்று பீரங்கிகள். ஒவ்வொரு குழாயும் சுமார் 20 மீட்டர் நீளம். அந்த ஒரு கோபுரத்தை இயக்க எழுபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் பீரங்கியைப் பார்க்கவே முடியாத இடங்களில், கப்பலின் அடிவயிற்றுத் தளங்களில் நின்றார்கள். குண்டுத் தளத்தில் 1,225 கிலோ வரை எடையுள்ள குண்டுகள் வட்டமாக நிமிர்ந்து நிற்கும். கயிற்றைச் சுற்றி, எண்ணெய் பூசிய இரும்புத் தரையில் வழுக்க வைத்துத் தூக்கிக்கு நகர்த்துவார்கள். அதற்கும் கீழே மருந்தறை. அங்கிருந்து பட்டுத்துணிப் பைகளில் அடைத்த வெடிமருந்து, ஒரு குண்டுக்கு ஆறு பை வீதம், ஒவ்வொரு பையும் 50 கிலோ, மேலே ஏறும். பட்டு ஏனென்றால் அது முழுக்க எரிந்துவிடும். குழாய்க்குள் கங்கு தங்கி, அடுத்த பையைப் பற்றவைக்காது. இத்தனை பெரிய கட்டடத்தைக் கப்பலோடு இறுக்கிப் பிடிக்க ஆணி கிடையாது. தன் எடையாலேயே உருளைகள் மேல் உட்கார்ந்து சுழல்கிறது. 1941இல் ஜெர்மனியின் பிஸ்மார்க் கவிழ்ந்து மூழ்கியபோது அதன் கோபுரங்கள் நான்கும் கழன்று விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

கீழ்த்தளத்தைப் பார்க்காமல் கோபுரத்தின் வரலாற்றை எழுத முடியாது என்பதற்கு அயோவா கப்பலே சாட்சி. 1989 ஏப்ரல் 19 அன்று, போர் எதுவும் இல்லாத நேரத்தில், பயிற்சியின்போது அதன் இரண்டாம் கோபுரத்தின் நடுப் பீரங்கி வெடித்தது. 47 பேர் இறந்தார்கள். அடியில் மருந்தறைப் பக்கம் இருந்த சிலர் மட்டும் தப்பினார்கள். கடற்படையின் முதல் விசாரணை, இறந்தவர்களில் ஒரு மாலுமி வேண்டுமென்றே செய்திருக்கலாம் என்று முடித்தது. செத்தவன் தலையில் பழியைப் போடுவது எந்த நாட்டு அதிகாரிக்கும் சுலபம்; பதில் சொல்ல அவன் வரமாட்டான். பிறகு சாண்டியா ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள், மருந்துப் பைகளைக் குழாய்க்குள் தள்ளும் இயந்திரத்தை ஆராய்ந்தார்கள். வேண்டிய வேகத்துக்கு மேல் தள்ளினால், நசுங்கும் மருந்து தானாகவே பற்றக்கூடும் என்று சோதனையில் காட்டினார்கள். 1991இல் கடற்படைத் தலைமைத் தளபதி அந்த மாலுமியின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். பழி சொன்ன கதை மேலே இருந்த அலுவலகத்தில் எழுதப்பட்டது. அதை உடைத்த சான்று, ஒரு தொழிலாளி கைப்பிடியை இழுக்கும் இடத்திலிருந்து வந்தது.

இனி நம் கப்பலுக்கு வருவோம். டெல்லியாக மாறுமுன் அதன் பெயர் அக்கிலிஸ். 1939 டிசம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு அப்பால், அக்கிலிஸ், அஜாக்ஸ், எக்ஸிடர் என்ற மூன்று கப்பல்கள் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே கப்பலை வழிமறித்தன. கிராஃப் ஸ்பேயிடம் 11 அங்குலப் பீரங்கிகள் ஆறு. நம் அக்கிலிஸிடம் 6 அங்குலப் பீரங்கிகள் எட்டு. குண்டுக்குக் குண்டு ஒப்பிட்டால் போட்டியே இல்லை. ஆனால் கிராஃப் ஸ்பேயின் ஆறு பீரங்கிகளும் இரண்டே கோபுரங்களில் அடங்கியிருந்தன. பிரிட்டிஷ் தளபதி ஹார்வுட் தன் கப்பல்களைப் பிரித்து இரண்டு திசைகளிலிருந்து தாக்கினார். இரண்டு கோபுரத்தை வைத்துக்கொண்டு மூன்று எதிரிகளை ஒரே நேரத்தில் அடிக்க முடியாது என்ற சின்னக் கணக்கை அவர் சரியாகப் போட்டிருந்தார். எக்ஸிடர் நொறுங்கிப்போனது; ஆனாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கிராஃப் ஸ்பே மோன்டிவிடியோ துறைமுகத்தைத் தேடி ஓடியது. அந்த நேரம் முழுக்க, அக்கிலிஸின் அடித்தளங்களில் இருந்தவர்கள் 51 கிலோ எடையுள்ள குண்டுகளை விடாமல் மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே யார் ஜெயிக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்க்க வழியே இல்லை.

வெற்றி ஹார்வுட்டுக்கு, ஆனால் இந்தக் கதையில் என் மதிப்பு எதிர்த்தரப்புக் கேப்டன் லாங்ஸ்டார்ஃப்புக்கே அதிகம். அவர் அதுவரை ஒன்பது சரக்குக் கப்பல்களை மூழ்கடித்திருந்தார். அவற்றின் மாலுமிகளில் ஒருவரைக்கூடச் சாகவிடவில்லை. டிசம்பர் 17 அன்று, தன் ஆட்களை வீண் சாவுக்கு அனுப்பாமல் இறக்கிவிட்டுக் கப்பலைத் தானே வெடிவைத்துத் தகர்த்தார். சில நாளில் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஹிட்லரின் கடற்படையில் இப்படி ஒரு மனிதர் இருந்தது அந்தக் கடற்படையின் தகுதிக்கு மீறிய பெருமை. அக்கிலிஸின் கேப்டன் பாரியின் கதை வேறு திசையில் போயிற்று. 1948இல் இந்தியா இந்தக் கப்பலை வாங்கி டெல்லி என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு பாரியே இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக வந்து 1951 வரை இருந்தார். தான் போரிட்ட கப்பலை இன்னொரு நாட்டின் கொடியில் பார்த்த தளபதிகள் உலகில் அதிகம் பேர் இருக்க முடியாது. பிளேட் நதிச் சண்டையைப் பற்றி 1956இல் வந்த ஆங்கிலப் படத்தில் டெல்லி தன் பழைய வேஷத்தையே கட்டி, அக்கிலிஸாக நடித்தது. அப்போது அதில் ஒரு கோபுரம் குறைவு. 1943 ஜனவரியில் சாலமன் தீவுகளருகே ஜப்பானிய விமானக் குண்டு விழுந்து நாசமான கோபுரம் அது. அதில் 13 பேர் இறந்தார்கள்.

இந்தக் கோபுரம் நியூசிலாந்துக்குப் போனதன் நியாயம் இதில் இருக்கிறது. கப்பலின் ஆட்களில் பாதிக்கு மேல் அந்நாட்டுக்காரர்கள். சிந்திய ரத்தத்துக்கு உரிமை உண்டு. ஆனால் 30 ஆண்டுகள் அதே கோபுரத்தில் குண்டு தூக்கியவர்கள் இந்திய மாலுமிகள். "வெள்ளைக்காரன் கட்டிய கப்பல், அவன் சண்டை, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்குத் தேனி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. லோயர்கேம்பில் மணிமண்டபம் கட்டி, ஜனவரி 15 வந்தால் பொங்கல் வைத்து, பிள்ளைக்குப் பேர் வைத்து நாம் கொண்டாடும் பென்னிகுவிக் வெள்ளைக்கார அரசின் ராணுவப் பொறியாளர்தான். அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் கூடலூரிலிருந்து நம் வயல்களுக்குப் பாய்வதால் அவர் நம்மவர் ஆனார். பிறப்பால் வராத சொந்தம் பயன்பாட்டால் வரும் என்பதை இந்தப் பள்ளத்தாக்கு ஒரு நூற்றாண்டாக ஒப்புக்கொண்டிருக்கிறது. டெல்லி கப்பலுக்கு மட்டும் வேறு நியாயம் எதற்கு?

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: கப்பலைப் பாதுகாப்பது யானையைக் கட்டித் தீனி போடுவது. உண்மைதான். 1997இல் ஓய்வு பெற்ற விக்ராந்த் சில ஆண்டுகள் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. பராமரிக்க முடியாமல் 2014இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போய் உடைபட்டது. பணக்கார அமெரிக்காவிலேயே டெக்சஸ் என்ற போர்க்கப்பல் அடி துருப்பிடித்து, 2022இல் கால்வெஸ்டனுக்கு இழுத்துப்போய்ச் செப்பனிட வேண்டியிருந்தது. ஆனால் முழுக் கப்பலா, வெறும் மேல்கூண்டா என்று இரண்டே வழிதான் இருப்பதாக நினைப்பது தவறு. நார்வேயின் ஆஸ்ட்ராட் கோட்டையைப் பாருங்கள். ஜெர்மனியின் நெய்செனாவ் போர்க்கப்பலின் 11 அங்குல முப்பீரங்கிக் கோபுரம் ஒன்றை, இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியர்கள் பாறையில் குடைந்து நிலத்திலேயே நிறுவினார்கள். அடியில் ஐந்து தளம்: குண்டறை, மருந்தறை, ஆட்கள் தங்கும் அறைகள். இன்று அது அருங்காட்சியகம். மேலேயிருந்து கீழ்வரை இறங்கிப் பார்க்கலாம். கப்பல் இல்லை, துருப்பிடிக்கும் அடிப்பாகம் இல்லை, ஆனால் கோபுரம் முழுசாக இருக்கிறது. நாமும் 1978இல் ஒரே ஒரு கோபுரத்தை, அதன் தூக்கிகளோடும் அறைகளோடும், கரையில் ஒரு குழி வெட்டி இறக்கியிருக்கலாம்.

இதெல்லாம் போரை அழகுபடுத்தும் வேலை என்பது மூன்றாவது ஆட்சேபம். மேல்கூண்டை வர்ணமடித்து வாசலில் நிறுத்தினால் அந்தக் குற்றச்சாட்டு சரி. குழந்தைகளை அதன் முன் நிறுத்திப் படம் எடுப்பதற்கு மேல் அங்கே வேலை இல்லை. கீழே இறங்கினால் அழகு தானாகக் கரைந்துவிடும். தீ மேலிருந்து பரவினால் மருந்தறையில் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், உள்ளே ஆள் இருந்தாலும் திறக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். 1916 மே 31 அன்று ஜட்லாண்ட் சண்டையில் தீ மருந்தறை வரை இறங்கியதால் மூன்று பெரிய பிரிட்டிஷ் கப்பல்கள் வெடித்துச் சிதறி, 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தேம்ஸ் நதியில் 1971 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் பெல்ஃபாஸ்டில் பார்வையாளர்கள் கோபுரத்துக்குள் நுழைகிறார்கள். கீழே குண்டறையையும் பார்க்கிறார்கள். போரின் மீது ஆசை வளர்க்கக்கூடிய இடமல்ல அந்த அறைகள்.

இந்த வாதம் கப்பலோடு நிற்பதில்லை. முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் செத்த நூற்றுக்கணக்கான கூலித் தொழிலாளர்களை அணைக்கருகே காட்டிலேயே புதைத்தார்கள். நாம் மாலை போடுவது பொறியாளருக்கு, போட வேண்டியதுதான். ஆனால் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் எந்த மண்டபம்? கோபுரத்தின் உச்சியை மட்டும் வைத்துக்கொள்ளும் அதே பழக்கம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002இல் திறந்த குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மக்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, படுக்கவும் இடமில்லாத மாலுமி வாழ்க்கையைப் பார்க்கிறார்கள். முழுதாக வைக்க நமக்குத் தெரியாமல் இல்லை. 1978இல் அந்த எண்ணம்தான் இல்லை. இனி ஓய்வுபெறும் கப்பலுக்கு அருங்காட்சியகம் கேட்கிறவர்கள், வாசலில் நிறுத்த ஒரு பீரங்கி கேட்பதை விட்டுவிட்டு, இயந்திர அறைக்கும் குண்டறைக்கும் இறங்கும் படியைக் கேட்கட்டும்.

பக்கம் முடிந்துவிட்டது, டையூ நிற்கிறது. 2022இல் குக்ரி என்ற ஓய்வுபெற்ற கப்பலை அருங்காட்சியகத்துக்காகப் பெற்றுக்கொண்ட அதே ஊரில், 1961இல் டெல்லி செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)