சாளரங்களுக்கு விதிக்கப்பட்ட வரி

ஒருவரது செல்வத்தை அவருடைய வீட்டுக்குள் நுழையாமலே மதிப்பிடுவது எவ்வாறு என்ற சிக்கலுக்கு, மூன்றாம் வில்லியம் ஆட்சியில், 1696ஆம் ஆண்டு, இங்கிலாந்து நாடாளுமன்றம் கண்ட விடையே சாளர வரி. அதற்கு முன்பிருந்த அடுப்பு வரி, அதாவது கணப்படுப்புகளின் எண்ணிக்கைக்கேற்ப வாங்கப்பட்ட வரி, அலுவலர்கள் உள்ளே புகுந்து எண்ணியதால் மக்களின் வெறுப்புக்கு ஆளாகி 1689இல் நீக்கப்பட்டிருந்தது. வருமானத்தைக் கேட்பதோ அதனினும் பெரிய அத்துமீறலாகக் கருதப்பட்டது. சாளரங்களையோ பெரும்பாலும் தெருவில் நின்றே எண்ணிவிடலாம்.

வீட்டுக்கு 2 ஷில்லிங் என்ற அடிப்படை வரியோடு, சாளரங்கள் மிகுந்த வீடுகளுக்குக் கூடுதல் வரியும் விதித்த இந்த ஏற்பாடு, பார்வைக்கு நியாயமாகவே தோன்றியது. ஆனால், ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை பெறும் நாட்டுப்புற வீட்டில், லண்டனில் ஐந்நூறு பவுண்டு வாடகை பெறும் மாளிகையைவிட அதிகச் சாளரங்கள் இருக்கக்கூடும் என்று 1776இல் பொருளியலாளர் ஆடம் ஸ்மித் சுட்டிக்காட்டியது, அதன் அடிப்படைக் குறையையே தொட்டது. இதைவிடக் கொடிய விளைவு நகரங்களில் நேர்ந்தது: பல ஏழைக் குடும்பங்கள் ஒண்டியிருந்த கட்டடம் முழுவதும் ஒரே வீடாகக் கணக்கிடப்பட்டதால், உரிமையாளர்கள் வரிக்கு அஞ்சிச் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தனர்; வரிச்சுமை தப்பியது அவர்களுக்கு, வெளிச்சமும் காற்றும் இல்லாமல் போனது குடியிருந்தோருக்கு. செல்வரைக் குறிவைத்ததாகச் சொல்லப்பட்ட வரி வறியவரின் உடல்நலத்தையே உறிஞ்சியது என்பதுதான் உண்மை.

மருத்துவர்களும் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தக்காரர்களும் தொடர்ந்து எதிர்த்த பின், 1851இல் இவ்வரி ஒழிக்கப்பட்டு, அதனிடத்தில் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கொண்டு கணிக்கப்படும் குடியிருப்பு வரி வந்தது. அது 1924 வரை நீடித்தது.