கஞ்சித் தொட்டியும் எடைக் கருவியும்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையைத் தாண்டிச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவரச் சென்றிருந்தோம். எங்கள் பெரியம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து வீடு திரும்பியவர். பகலில் வீட்டில் எவரும் இருப்பதில்லை. வேறு வழி தோன்றாத நிலையில்தான் இந்தத் தேடல்.

இல்லத்தின் பொறுப்பாளர் முகம் கோணாமல் சுற்றிக் காட்டினார். இத்தனை கட்டில்கள், இத்தனை காமிராக்கள், சுவரில் ஒட்டியிருந்த வாராந்திர உணவுப் பட்டியல், வாரம் இருமுறை வந்துபோகும் மருத்துவரின் கையொப்பம். குறை சொல்ல ஏதுமில்லை. மூன்றாவது கட்டிலில் படுத்திருந்த ஒரு மூதாட்டி மட்டும் எங்களைப் பார்த்து, "மணி என்னப்பா?" என்று கேட்டார். சொன்னோம். திரும்பி வரும்போது மீண்டும் கேட்டார். கடிகாரம் இருந்தது, அவர் தலைமாட்டுக்குப் பின்புறச் சுவரில் இருந்தது! "ராத்திரியில் எத்தனை தடவை திருப்பிப் படுக்க வைப்பீர்கள்?" என்று பொறுப்பாளரிடம் கேட்டோம். "அதெல்லாம் ஆயாம்மா பாத்துப்பாங்க" என்பது விடை.

ஒரு பராமரிப்பு நல்லதா அல்லவா என்பதை எதைக் கொண்டு அளப்பது? வீடு திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. வடசென்னையைப் பொறுத்தவரை இது புதிய கேள்வியும் அன்று. சாத்தாங்காட்டிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் சென்றால், இராயபுரத்தை ஒட்டி, ஸ்டான்லி மருத்துவமனைக்கு அருகில் மணியக்காரர் சத்திரம் இருக்கிறது. ஆங்கில ஏடுகளில் 'மானேகார் சௌல்ட்ரி' என்று உருத்திரிந்து கிடப்பது இதுவே. சென்னையின் மிகப் பழைய முதியோர் இல்லம் எது என்று எவரேனும் கேட்டால், நாம் தயங்காமல் கைகாட்டக்கூடிய இடம்.

1780இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகத்துக்குள் புகுந்தன. ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின. உயிர் பிழைக்கச் சென்னையை நோக்கி ஓடிவந்தவர்களைப் பஞ்சமும் பின்தொடர்ந்து வந்தது. 1782இல் அவர்களுக்கென ஒரு கஞ்சித் தொட்டி தோன்றியது. ஊர் மணியக்காரர் ஒருவர் தம் இடத்தில் தொடங்கிவைத்தது என்பது வழிவழிச் செய்தி. பின்னர் கும்பினி அரசின் ஆதரவும் கிட்டியது. கஞ்சிக்கு வந்தவர்களில் பலர் நோயாளிகள். குடித்துவிட்டு எழுந்துபோக இயலாதவர்கள். ஆகவே 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கு ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். அதுவே வளர்ந்து, 1910இல் அரசின் கைக்கு மாறி, 1930களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. இன்றும் பழைய வண்ணாரப்பேட்டைப் பெரியவர்கள் வாயில் அது 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி'தான். எழுந்துபோக இயலாத மற்றொரு கூட்டம், நோயினால் அல்லாமல் முதுமையாலும் ஆதரவின்மையாலும் தங்கிப்போன கூட்டம், சத்திரத்திலேயே நின்றுவிட்டது.

தமிழில் 'ஆதுலர்' என்றொரு சொல் உண்டு. நோயாளியையும் குறிக்கும், வறியவரையும் குறிக்கும். 'ஆதுலர் சாலை' என்றால் மருத்துவமனையா, ஏழையர் விடுதியா என்று அகராதியைப் புரட்டினால் இரண்டும் என்றே விடை வரும். கஞ்சித் தொட்டி ஒருபுறம் மருத்துவமனையாகவும் மறுபுறம் முதியோர் இல்லமாகவும் பிரிந்த கதை அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. இக்காலத்தில் 'நர்சிங் ஹோம்' என்ற சொல் நம்மூரில் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்க, அதே சொல் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கிறது. குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று.

கஞ்சித் தொட்டியில் பராமரிப்பை எதனால் அளந்தார்கள்? படியால் அளந்தார்கள். இத்தனை வாய், இத்தனை படி அரிசி. கணக்கு எழுதுகிறவருக்கு அதுவே எளிது. அந்த அளவை போதாது என்று ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொரு பஞ்சம் வரவேண்டியிருந்தது.

1876இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். சென்னையின் தெருக்கள் மீண்டும் நிரம்பின. நிவாரண முகாம்கள் திறக்கப்பட்டன. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாக சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை வந்தார். இவர் 1873-74 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்து உயிர்ச்சேதத்தைத் தடுத்தவர். அதற்காகவே ஊதாரி என்று கண்டிக்கப்பட்டவர். அந்தத் தழும்போடு வந்த மனிதர் இங்கு என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், மேற்செலவுக்குச் சிறிது காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 450 கிராம். மண்வெட்டி பிடிக்கும் உடம்புக்கு!

எதிர்த்தவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், சென்னை மாகாணச் சுகாதார ஆணையர். ஒரு பவுண்டு தானியத்தில் உழைக்கும் மனித உடல் நிற்காது என்பது அவர் வாதம். சிறையில் வேலை செய்யும் கைதிக்கு அரசே தரும் உணவின் அளவை எடுத்துக்காட்டி, குற்றவாளிக்குக் கொடுப்பதைப் பஞ்சத்தில் அடிபட்டவனுக்கு மறுப்பதா என்று கேட்டார். தானியம் மட்டும் போதாது, பருப்பும் வேண்டும் என்றார். டெம்பிளின் குறிப்புகளும் கார்னிஷின் மறுப்பும் மாறிமாறி அச்சேறின. 1877இல் பக்கிங்ஹாம் கோமகனின் சென்னை அரசு கார்னிஷின் பக்கம் சாய்ந்து, அளவை ஓரளவு உயர்த்தியது. (அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே அந்தப் பஞ்ச நாட்களில் நிவாரண வேலையாக வெட்டப்பட்ட கால்வாய் இந்தக் கோமகனின் பெயரையே தாங்கி நிற்கிறது. வெட்டியவர்களின் பெயரை எந்தக் கால்வாயும் தாங்குவதில்லை.)

இந்த வாதத்தில் நம்மை ஈர்ப்பது அளவு கூடியதா குறைந்ததா என்பதன்று. டெம்பிள் பானைக்குள் போவதைப் பார்த்தார்; கார்னிஷ் உண்டவனின் உடம்பைப் பார்த்தார். எத்தனை கொடுத்தோம் என்பதற்கும் கொடுத்தது என்ன செய்தது என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்!

அந்தத் தூரத்தைக் கடைசிவரை நடந்துபார்த்தவர் அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர். பஞ்ச நாட்களில் சென்னையில் இறந்தோரின் உடல்களை, நானூற்றுக்கும் மேலாக, அறுத்துச் சோதித்து, உறுப்புகளை நிறுத்து, குடலின் நிலையைக் குறித்துவைத்தார். அவை 1889இல் நூலாக வெளிவந்தன. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 தன்னார்வலர்களைப் பட்டினி போட்டு ஆராய்ந்த ஆன்செல் கீஸ், 1950இல் வெளியிட்ட தம் பெருநூலில் போர்ட்டரின் பதிவுகளை எடுத்தாண்டிருக்கிறார். நம் முன்னோர் உலக அறிவுக்கு இப்படியும் பங்களித்திருக்கிறார்கள் என்று எழுதும்போது கை சற்றே நின்றுவிடுகிறது.

இந்த அளவைகளெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தாது வருடத்துக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு பொறிக்கப்பட்டது. வீரராசேந்திர சோழனின் காலத்தது, 1060களின் இறுதி. கோயிலைச் சார்ந்து ஒரு வேதக் கல்லூரி, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை. சாலையில் 15 கிடைகள். ஒரு மருத்துவர், அவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்வார் ஒருவர், பணிவிடைப் பெண்டிர் இருவர், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து அடுவார், நாவிதர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல் என்று கணக்கு. நோயாளிக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி. தசமூல அரீதகி, வஜ்ரகல்பம், கல்யாண லவணம் என்று இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல். மாணவர்க்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் எண்ணெய் ஒதுக்கியிருக்கிறார்கள்.

முதன்முதலில் இந்தக் கல்வெட்டின் வாசகத்தைப் படித்தபோது நாம் வியந்தது மருந்துப் பெயர்களைக் கண்டு. இப்போது மீண்டும் படிக்கையில் கண் வேறோரிடத்தில் நின்றது. ஆதுலர் சாலையில் இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு, அதற்கு எண்ணெய். நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் நோயாளியை நினைத்துப் பார்த்தவர் எவரோ, அந்தச் சாசனம் எழுதும்போது அருகில் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கல்வெட்டு ஒரு வாக்குறுதி. பதினைந்து கிடைகளில் கிடந்தவர்களில் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்று அது சொல்லவில்லை. அசுவத்தாம பட்டன் நல்ல மருத்துவரா? பணிப்பெண்கள் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்களா? கல் பேசாது. சோழர் பெருமை பேசுகிற நம்மவர்கள் இந்த இடத்தைத் தாவிக் கடந்துவிடுகிறார்கள்.

பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியரான அவெடிஸ் டோனபெடியன், 1966இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தச் சிக்கலை மூன்றாகப் பிரித்தார். என்ன இருக்கிறது, என்ன செய்யப்படுகிறது, என்ன விளைந்தது. மருத்துவத் தரம் பற்றிப் பின்னர் வந்த ஆய்வுகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை. திருமுக்கூடல் முதலாவதைச் சொல்கிறது, டெம்பிளின் பவுண்டும் அதையே சொல்கிறது, போர்ட்டரின் கத்தி மூன்றாவதைச் சொல்கிறது. நடுவில் உள்ளதுதான் எப்போதும் காணாமற்போகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் இரவு இரண்டு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் 1987இல் வந்த சட்டம், இல்லங்களுக்கு முன்னறிவிப்பின்றி ஆய்வாளரை அனுப்புகிறது. முதியோரைக் கட்டிலோடு கட்டிப்போடுவதைத் தடுக்கிறது. ஒவ்வொருவரின் உடல்நிலையையும் குறித்த காலங்களில் பதியச் சொல்கிறது. படுக்கைப் புண் உண்டா, ஒரு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்ததா என்பன அந்தப் பதிவில் வரும் கேள்விகள். கார்னிஷின் குரல் அங்கே ஒலிப்பதாக நமக்குப் பட்டது. நம் நாட்டில் 2007இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என, ஆதரவற்ற முதியோர் 150 பேரேனும் தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. அவற்றின் தர அளவுகளை வகுக்கும் பொறுப்பையும் மாநிலங்களிடமே விடுகிறது. எண்ணிக்கை சட்டத்திலேயே இருக்கிறது. படி அளவை நம் இரத்தத்தில் ஊறியது போலும்!

மறுவாரம் சாத்தாங்காட்டு இல்லத்துக்கு மீண்டும் போனோம். சேர்க்கும் நாளிலும் பின் மாதந்தோறும் எடை பார்த்து எழுதவேண்டும். குதிகாலையும் முதுகையும் நாங்கள் வரும்போதெல்லாம் பார்ப்போம். எந்த நேரத்திலும், இரவிலும் வருவோம். இவ்வளவே கேட்டோம். முதலிரண்டுக்கும் பொறுப்பாளர் உடனே இசைந்தார். இரவு என்றதும் சற்று யோசித்தார். பிறகு, "போன் பண்ணாமலே வாங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே சேர்த்தோம்.

சேர்த்த அன்று 41 கிலோ. ஒரு மாதம் கழித்து 41½. முதுகில் புண் இல்லை. பெரியம்மாவிடம் தனியே கேட்டோம். "சாதம் நல்லா கொழைய வடிக்கிறாங்க. ரசம்தான் ஆறிப்போய் வருது" என்றவர், எதிர்ச் சுவரைக் காட்டி, "அந்தக் கடியாரத்தைக் கழட்டி இங்க மாட்டச் சொல்லு. பக்கத்துக் கட்டில்காரி ராத்திரியெல்லாம் என்னைத்தான் மணி கேக்குறா" என்றார்.