பிரஷ் போன கதை

வாட்ஸை மட்டும் பார்த்து ஒரு ட்ரோன் மோட்டாரை வாங்கி, மெதுவாக நகரும் பிராஜெக்ட் வண்டியில் மாட்டி, காயிலைக் கருக்கியவன் நான். பிறகுதான் வரலாற்றைப் புரட்டினேன்.

பழைய டிசி மோட்டாரில் கார்பன் பிரஷ் தேயும், பொறி பறக்கும், தூள் கொட்டும். பிரஷ்ஷின் வேலையை எலக்ட்ரானிக்ஸே செய்யும் என்று 1962-ல் வில்சன், டிரிக்கி இருவரும் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். ஆனால் அன்றைய டிரான்சிஸ்டர்கள் அதிக கரண்டைத் தாங்கவில்லை. 1980-களில் நியோடிமியம் காந்தமும் நல்ல பவர் டிரான்சிஸ்டர்களும் வந்த பிறகே பிரஷ்லெஸ் மோட்டார் பரவியது.

பரவிய இடமெல்லாம் உருவம் மாறியது. ஹார்ட் டிஸ்க்குக்குத் தூசி ஆகாது; நிமிடத்துக்கு 7200 சுற்று பிசகாமல் வேண்டும். சீலிங் ஃபேனுக்குச் சில நூறு சுற்று போதும், ஆனால் டார்க் வேண்டும். அதனால் வெளிப்பக்கம் சுழலும் ரோட்டார், நிறைய காந்த முனைகள். ட்ரோனுக்கு எடை குறைவு, வேகம் அதிகம்.

டார்க்கை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் வாட்ஸ். வேகத்துக்கென்று செய்த மோட்டாரிடம் டார்க் கேட்டால் கரண்டை இழுத்துச் சூடாகும். என் காயில் கருகியது அப்படித்தான்.

ஆகவே கடையில் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" அல்ல, "எந்த வேகத்தில் எவ்வளவு டார்க்?" என்பதே!