ஒலிபெருக்கி இல்லம் புகுந்த வரலாறு

அவிசாவளையிலிருந்து ஹட்டன் செல்லும் நெடுஞ்சாலையில், களனிப் பள்ளத்தாக்கிலே அமைந்த சிற்றூர் தெஹியோவிட்ட. கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சூழ்ந்து ரப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் பரந்துள்ளன. அத்தோட்டங்களின் பழைய வாழ்க்கையில், நாள்தோறும் செவியில் முதலில் விழுந்தது தப்பின் ஒலி. விடியுமுன் தப்பு முழங்கும். லயங்களில் உறங்கியோர் எழுந்து பெரட்டுக்களத்துக்கு விரைவர். காமன் கூத்திலும் திருவிழாவிலும் களிப்பூட்டிய அதே தப்பு, விடியற்காலையில் கட்டளையாக ஒலித்தது. ஒலி அழைத்தது, மக்கள் சென்றனர். மக்கள் அழைக்க ஒலி இல்லம் தேடி வந்த காலம் பின்னரே பிறந்தது. அக்காலத்தைப் பிறப்பித்த கருவிகள் இரண்டு: ஒன்று ஒலிபெருக்கி, மற்றொன்று, நுண்ணிய மின்னோட்டத்தைப் பெரிதாக்கித் தரும் விரியலாக்கி எனப்படும் ஆம்பிளிஃபையர்.

காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருளைத் தொங்கவிட்டு, அதில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் சுருள் அசையும். அச்சுருளோடு இணைந்த தகடும் அசைந்து காற்றை அதிரச் செய்யும். இவ்வுண்மையைக் கொண்டு ஆலிவர் லாட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் 1898இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் சுருளை வலுவாக அசைக்கத்தக்க மின்னாற்றல் அந்நாளில் கிட்டவில்லை. 1915இல் கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்னும் இருவர் இக்கருவியோடு பெரிய கொம்புக் குழலை இணைத்து, சான் பிரான்சிஸ்கோ நகரில் திரண்ட பெருங்கூட்டம் கேட்குமாறு ஒலிக்கச் செய்தனர். அது வெளிமன்றத்துக்கு உரிய முழக்கம். இல்லத்துக்கு உரிய இன்னிசை அன்று.

இல்லத்து ஒலிபெருக்கியின் பிறப்பாண்டு 1925 எனலாம். அவ்வாண்டில் அமெரிக்கப் பொறியியலாளர்களான செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் கொம்புக் குழலை நீக்கி, காகிதக் கூம்பொன்றைச் சுருளோடு பொருத்தினர். கூம்பின் முன்புற ஒலியும் பின்புற ஒலியும் கலந்து ஒன்றையொன்று அழிக்காதபடி பலகையொன்றை இடையே அமைத்தனர். மறுஆண்டு அக்கருவி விற்பனைக்கு வந்தபோது, அதே பெட்டியினுள் விரியலாக்கியும் அடங்கியிருந்தது. கூம்பை அசைக்கும் ஆற்றல் அந்நாளைய ரேடியோப் பெட்டிகளில் இல்லாமையே இதற்குக் காரணம். இல்லத்து ஒலிபெருக்கியும் விரியலாக்கியும் இவ்வாறு இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன. இரண்டையும் தனித்தனியே எண்ணி வாங்குவோர் பிற்காலத்தில் எய்தும் ஏமாற்றத்துக்கு விடை இப்பிறப்பிலேயே உள்ளது.

அதே 1925ஆம் ஆண்டு இலங்கைக்கும் சிறப்புடையது. எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்திப் பொறியியலாளர் 1923இல், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோ உறுப்புகளைக் கொண்டு, கொழும்பிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிச் சோதனை செய்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கப்பட்டது. 1949இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. மின்சாரம் எட்டாத லயங்களில் வால்வு ரேடியோவை இயக்குவது எளிதன்று. மின்கலத்துக்கும் பணம் வேண்டும். ஆதலின், ஒரு வீட்டில் ரேடியோ ஒலித்தால் அயல்வீட்டார் வாயிலில் குழுமுவர். பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. ரேடியோ கைக்கு அடங்கியது. அதன் சிறு கூம்பு பேச்சைத் தெளிவாகத் தந்தது; பாடலின் சொற்களைத் தந்தது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் ஆழ்ந்த நாதம் அதில் அடங்கவில்லை. அந்நாதத்தை மீட்கும் ஆவலே பெரிய ஒலிபெருக்கிகளை நாடச் செய்தது.

இடைக்காலத்தில் விரியலாக்கியும் வளர்ந்தது. 1927இல் ஹெரால்ட் பிளாக் என்னும் பொறியியலாளர், பணிக்குச் செல்லும் வழியில் படகில் அமர்ந்திருந்தபோது அரிய கருத்தொன்றைக் கண்டார். வெளிவரும் மின்னலையின் ஒரு பகுதியைத் தொடக்கத்துக்கே எதிர்முகமாகத் திருப்பிவிட்டால், கருவி தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதே அது. இக்கருத்தைத் திறம்படக் கையாண்டு, 1947இல் வில்லியம்சன் என்பார் இங்கிலாந்தில் வெளியிட்ட 15 வாட் விரியலாக்கியின் அமைப்பு உலகெங்கும் ஆர்வலர் கைகளில் உருப்பெற்றது. ஆற்றலின் அளவைக் காட்டிலும் ஒலியின் தூய்மையே பெரிது என்பதை அது நிலைநாட்டியது.

ஒலிபெருக்கிப் பெட்டியின் வரலாறும் சுவையானது. அடித்தள நாதத்தைப் பெற முன்னோர் பெட்டியைப் பெரிதாக்கினர். 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாத சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக்கினார். சிறு பெட்டியிலும் ஆழ்ந்த நாதம் பிறந்தது. ஆனால் அதற்கு விலையும் உண்டு: அத்தகைய ஒலிபெருக்கி மிகுந்த மின்னாற்றலை வேண்டும். துளையிட்ட பெட்டி மற்றொரு வகை. கூம்பின் பின்புற ஒலியைத் துளைவழியே பயன்படுத்தும் அம்முறையை 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் கணக்கியலால் ஒழுங்குபடுத்தினார். இன்று தரையில் நெடிதுயர்ந்து நிற்கும் ஒலிபெருக்கிகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இவ்வரலாற்றை அறிந்தோர்க்குப் பொருத்தம் பார்த்தல் அரிதன்று. ஒலிபெருக்கியின் உணர்திறன், ஒரு வாட் ஆற்றலுக்கு ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி தருகிறது என்பதால் அறியப்படும். 3 டெசிபல் குறைந்தால் இருமடங்கு ஆற்றல் வேண்டும். 90 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 10 வாட் போதுமான இடத்தில், 84 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 40 வாட் தேவை. அடுத்து நோக்கத்தக்கது மின்மறுப்பு. எட்டு ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி, சில சுரங்களில் நான்கு ஓமுக்கும் கீழே இறங்கலாம். அந்நிலையில் மின்னோட்டத்தைத் தாராளமாக வழங்க இயலாத விரியலாக்கி வெப்பமுற்றுத் தளரும். ஆற்றல் குறைந்த விரியலாக்கியை எல்லை மீறி முடுக்கினால் அலைகளின் முகடுகள் வெட்டுண்டு, உயர்சுரங்களுக்குரிய சிறு ஒலிபெருக்கி கருகவும் கூடும். மிகை ஆற்றலே கேடு செய்யும் என எண்ணுவோர் அறியவேண்டிய உண்மை இது.

இவ்விரண்டுக்கும் மேலாக மூன்றாவது உறுப்பொன்று உண்டு. அது அறை. பழைய லயத்தின் அறை பெரும்பாலும் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. பன்னிரண்டடிச் சுவர்களுக்கிடையே நொடிக்கு ஏறத்தாழ 47 அதிர்வுகள் கொண்ட ஒலி தானே பெருகி நிற்கும். அங்கே பெரிய ஒலிபெருக்கியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் தாழ்ந்த சுரங்கள் குமுறி, பாடகரின் சொல்லை விழுங்கிவிடும். பல பழைய லயங்களில் இடைச்சுவர் கூரையை எட்டுவதில்லை. ஒரு வீட்டின் நாதம் அடுத்த வீட்டின் உறக்கத்தைக் கலைக்கும். அங்கே உறங்குபவர் விடியலில் வேலைக்குச் செல்லவேண்டியவர். மக்களை எழுப்பிய தப்பின் இடத்தை இல்லத்து ஒலிபெருக்கி எடுத்துக்கொள்ளலாகாது. அத்தகைய அறைக்குச் சிறிய பெட்டியும் தூய விரியலாக்கியுமே தக்க துணை. விசாலமான கூடமும் தனித்த சுவர்களும் உடைய இல்லத்திலே நெடிய ஒலிபெருக்கி தன் முழுப் பெருமையையும் காட்டும். அங்கும் அதனைச் சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்துதல் வேண்டும்.

மழை மிகுந்த சப்பிரகமுவையில் ஈரமும் கருதத்தக்கது. கூம்பின் விளிம்பைச் சுற்றி நுரைப்பொருள் வளையம் அமைந்த ஒலிபெருக்கிகள் ஈரக் காற்றில் நாளடைவில் உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நெடுநாள் நிற்கும். அவ்வளையம் இக்காலத்தில் பெரும்பாலும் செயற்கை ரப்பரேயாயினும், பால்வெட்டுக்குப் பேர்பெற்ற நிலத்து மக்களுக்கு அதன் இயல்பை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1954இல் இலண்டன் மாநகரின் ராயல் பெஸ்டிவல் மண்டபத்தில், கில்பர்ட் பிரிக்ஸ் என்னும் ஒலிபெருக்கி வல்லுநரும் பீட்டர் வாக்கர் என்னும் விரியலாக்கி வல்லுநரும் ஒரு சோதனை நிகழ்த்தினர். மேடையில் கலைஞர் இசைத்த இசையையும் அதன் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, ஒப்பிடும் பொறுப்பை அவையோரின் செவிக்கே விட்டனர். ஒலிபெருக்கி வாங்குவோர்க்கு இதனினும் சிறந்த வழி இல்லை. விலைப்பட்டியலையும் வாட் கணக்கையும் ஒருபுறம் வைத்து, நெடுநாள் பழகிய ஒரு குரலைக் கேட்பித்தல் வேண்டும். அக்குரல் அருகிருந்து பேசுவதுபோல் ஒலிக்குமாயின், ஒலிபெருக்கியும் விரியலாக்கியும் அறையும் ஒன்றுக்கொன்று இசைந்தன எனக் கொள்ளலாம்.