சக்கரத்தின்மேல் ஒரு குடியிருப்பு

வீடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நான்கு சுவர்களும், ஒரு கூரையும், முன்னே ஒரு திண்ணையும் நம் உள்ளத்தில் தோன்றுகின்றன. வீடு என்பது ஓரிடத்தில் நிலைத்து நிற்பது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆயினும், நடமாடும் வீடுகளிலே வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழிப்பவர்களும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர், பணியிலிருந்து விலகியபின், குதிரைகள் இழுக்கும் மரவீடு ஒன்றைச் செய்வித்தார். 1885ஆம் ஆண்டில் அதிலேயே குடியிருந்துகொண்டு ஸ்காட்லாந்து வரையில் பயணம் செய்தார். இன்று அமெரிக்காவில், ஓய்வு பெற்ற முதியோர் பலர் மோட்டார் வீடுகளில் ஏறிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்கின்றனர். அவர்களுள் சிலர் தேசியப் பூங்காக்களில் சில மாதங்கள் தங்கி, பாதைகளைச் செப்பனிடுதல், வருவோர்க்கு வழிகாட்டுதல் முதலிய தொண்டுகளைக் கூலியின்றிச் செய்கின்றனர். பூங்காக்களில் இத்தகைய தொண்டர்களை ஏற்றுக்கொள்ள 1970இல் அந்நாட்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் புதுமை என்று மாணவர்கள் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ண வேண்டுவதில்லை. சக்கரத்தின்மேல் குடியிருக்கும் வாழ்க்கையைத் தமிழகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டிற்குக் கொண்டுசென்ற உமணர் என்னும் வணிகர், மனைவி மக்களுடன் வண்டியிலேயே வாழ்ந்தவர்கள். அவர்கள் வண்டியில் கோழிக் கூடு இருந்ததையும், கைக்குழந்தையை வைத்திருந்த பெண் எருதுகளை ஓட்டிச் சென்றதையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. புறநானூற்றில் ஔவையார் இன்னும் ஒரு செய்தி தருகிறார். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ என்று அறியாத உமணர், வண்டியின் கீழே மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு செல்வராம். அந்தச் சேம அச்சினைப் போன்றவன் என்று அதியமான் மகன் பொகுட்டெழினியை அவர் புகழ்கிறார். அதியமான் ஆண்ட தகடூர் இன்றைய தருமபுரி. 1965ஆம் ஆண்டு வரையில் அது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே, துன்பம் வரும்போது உதவுவதற்கென்றே உடன் வரும் துணை என்னும் கருத்தை இந்த மண்ணின் வண்டிப் பாதைதான் நம் இலக்கியத்திற்கு வழங்கியது என்று சொல்வது மிகையாகாது.

இனி, அந்த மண்ணைச் சற்றுக் காண்போம். சேலம், நாமக்கல் சமவெளி பார்ப்பதற்குச் செம்மண் பரப்பு. ஆனால் மேல்மண் பல இடங்களில் மிகவும் மெல்லியது. அதன் கீழே இருப்பது கடும்பாறை. மணற்பாங்கான ஆற்றங்கரை நிலத்தில் நீர் எங்கும் பரவி நிற்கும். பாறை நிலத்திலோ அது சிதைந்த மேல்பாறையிலும், அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஓரிடத்தில் தோண்டினால் ஊற்று; பத்தடி தள்ளித் தோண்டினால் வெறும் பாறைத் தூள். காவிரி மேற்கெல்லையை ஒட்டிச் செல்கிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை இப்பகுதியிலேயே நிற்கிறது. எனினும் அந்நீரின் பெரும்பங்கு கீழே தஞ்சை நிலங்களுக்கே செல்கிறது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் மழைக்காலத்து ஆறுகள். ஆதலின், இச்சமவெளி உழவன் தலைமுறை தலைமுறையாக நம்பி வாழ்ந்தது கிணற்றையே. உளியாலும் சம்மட்டியாலும், பின்னர் வெடிமருந்தாலும் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினான். எருதுகள் பூட்டிய கவலை கொண்டு நீர் இறைத்தான். பின்னர் மின்சார மோட்டார் வந்தது. எருதுகள் நாள் முழுதும் இறைத்த நீரை மோட்டார் சிறிது நேரத்தில் இறைத்தது. நீர்மட்டம் தாழ்ந்தது, கிணற்றை ஆழப்படுத்தினர், மீண்டும் தாழ்ந்தது. உளி சென்று எட்ட முடியாத ஆழத்திற்கு நீர் போய்விட்டது.

இந்நிலையில் நாட்டின் வடபகுதியில் நேர்ந்த ஒரு பெருந்துயரம் புதிய வழியைக் காட்டிற்று. 1966, 1967ஆம் ஆண்டுகளில் பீகாரில் கொடிய வறட்சி தோன்றியது. ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையில் துயர் தீர்ப்புக் குழு அமைந்தது. மாணவர்களும் தொண்டர்களும் கிராமங்களுக்குச் சென்று உணவு வழங்கினர், கிணறு தோண்டினர். கடும்பாறையில் குடிநீர் காண்பதற்காக ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நல நிதியம் 1967இல் வெளிநாட்டிலிருந்து துளையிடும் பொறிகளை விமானத்தில் வருவித்தது. இப்பொறியின் தத்துவம் எளியது. நீண்ட குழாயின் நுனியில் ஒரு சுத்தியல் இருக்கிறது. மேலிருந்து அழுத்தமான காற்று குழாய் வழியே செல்கிறது. அக்காற்றே சுத்தியலை விரைந்து இடிக்கச் செய்கிறது. உடைந்த பாறைத் தூளையும் அதுவே மேலே ஊதித் தள்ளுகிறது. மனிதர் மாதக் கணக்கில் வெட்டிய ஆழத்தை இப்பொறி சில மணி நேரத்தில் எட்டிற்று. பசித்தோர்க்கும் தாகித்தோர்க்கும் உதவ வந்த பொறியே பின்னர் நாடெங்கும் ஒரு தொழிலாக வளர்ந்தது என்பது வரலாற்றின் ஒரு விந்தை.

அத்தொழில் நிலைபெற்ற இடங்களுள் தலையாயது திருச்செங்கோடு. அதற்குத் தக்க சூழல் அங்கே இருந்தது. கிணறு வெட்டும் கை ஒருபுறம். வண்டி கட்டும் கை மற்றொரு புறம். லாரிகளுக்கு மேற்கட்டு அமைக்கும் தொழிலில் நாமக்கல் இந்தியா முழுவதும் பெயர் பெற்றது. தச்சரும் கருமாரும் கூடிச் செய்யும் பட்டறைகள் அங்கே பெருகின. சங்ககிரியும் லாரிகளின் ஊர். இவ்விரு திறன்களும் கூடியபோது, லாரியின் முதுகில் துளைப்பொறி ஏறியது. மக்கள் அதனை ‘ரிக் வண்டி’ என்கின்றனர். நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்பே திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் பெயர் வெளி மாநிலத்துச் சிற்றூர்களிலும் பரவியிருந்தது.

ரிக் வண்டி தனியே செல்வதில்லை. துளைப்பொறி ஏறிய லாரி ஒன்று. குழாய்களும் எண்ணெயும் கருவிகளும் ஏற்றிய துணை லாரி மற்றொன்று. ஓட்டுநர், துளையிடுபவர், உதவியாளர், சமையற்காரர் என ஒரு சிறு குடும்பம் அவற்றில் வாழ்கிறது. சிலர் வண்டியின் மேலே உறங்குகின்றனர். சிலர் அதன் அடியில் உறங்குகின்றனர். வேலை நடக்கும் இடத்திலேயே அடுப்பு மூட்டுகின்றனர். கோடையில் அவர்களுக்கு இரவு பகல் என்ற வேறுபாடில்லை. ஒரு துளை முடிந்ததும் குழாய்களைக் கழற்றி அடுக்கி, அடுத்த ஊருக்குப் புறப்படுகின்றனர். கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் எனப் பல மாநிலங்களைச் சுற்றி, மழைக்காலத்தில்தான் பலரும் ஊர் திரும்புகின்றனர். மகன் தவழ்ந்ததையும் நடந்ததையும் காணாத தந்தையர் அவர்களுள் பலர். இன்று ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களின் இளைஞர்களும் இவ்வண்டிகளில் வேலை செய்கின்றனர். அடிக்கு இவ்வளவு என்பதே தொழிலின் கணக்கு. ஆதலின் இவர்களைத் தொண்டர் என்று கூறிவிட இயலாது. உழைத்துக் கூலி பெறுபவர்கள். ஆனால், வறண்ட ஊரில் துளைவாயிலிருந்து முதன்முதலாக நீர் பீறிட்டு எழும்போது, கூடிநிற்கும் பெண்கள் குலவையிட்டு மகிழும் காட்சியை இவர்களைப் போல் அடிக்கடி கண்டவர் யார்?

இந்தத் திறன் உயிர் காக்கவும் வல்லது. 2010இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், சுரங்கத்தினுள் 69 நாட்கள் அகப்பட்டிருந்த 33 தொழிலாளரை மீட்க உதவியது, காற்றால் இடிக்கும் இத்தகைய சுத்தியலே. 2023 நவம்பர் 12இல் உத்தரகாசியருகே சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர் உள்ளே சிக்கினர். மீட்புப் பணிக்குச் சென்ற பொறிகளுள் திருச்செங்கோட்டு நிறுவனம் ஒன்றின் துளைப்பொறியும் இருந்தது. இறுதியில் பெரிய இயந்திரம் முறிந்து நின்றபோது, எலிவளைச் சுரங்கத் தொழிலாளர் கையாலேயே எஞ்சிய தடையைத் தோண்டினர். 17ஆம் நாள் நாற்பத்தொருவரும் நலமே வெளிவந்தனர். ஔவையார் சொன்ன சேம அச்சு இதுவன்றோ!

எனினும், வரலாறு புகழ்ச்சியோடு முடிவதில்லை. நிலத்தைத் துளைப்பது எளிதானபோது, நீரைக் காப்பது அரிதாயிற்று. ஒருவன் 300 அடி துளையிட்டால் அடுத்த வயற்காரன் 600 அடி துளையிடுகிறான். பின்னர் 1000 அடிக்கு மேலும் செல்கின்றனர். இருவர் உறிஞ்சுவதும் ஒரே பாறைப் பிளவின் நீரை. கடன் வாங்கித் துளையிட்டு, வெறும் புழுதி கண்டு, நிலத்தை விற்ற உழவர்களும் உண்டு. நீர் கிடைக்காத துளைகள் மூடப்படாமல் கிடந்து, குழந்தைகளை விழுங்கிய கொடுமையையும் நாடு பலமுறை கண்டது. கைவிடப்பட்ட துளைகளை அடிமுதல் நிரப்ப வேண்டும் என்றும், துளையிடும் முன் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2010இல் நெறிமுறைகள் வகுத்தது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே செல்ல வேண்டியவர் மக்களே.

மாணவர்களே, இங்கேதான் உங்களுக்குரிய பணி இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேறி நாடெங்கும் சுற்றித்தான் தொண்டு செய்ய வேண்டும் என்பதில்லை. விடுமுறையில் உங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். ஏரியின் வரத்துக் கால்வாயில் அடைந்த மண்ணை அகற்றுங்கள். திறந்து கிடக்கும் துளை ஒன்றைக் கண்டால், அது மூடப்படும் வரையில் ஓயாதீர்கள். ரிக் வண்டித் தொழிலாளி ஆயிரம் அடிக்குக் கீழே தேடுவது, என்றோ பெய்து மண்ணில் இறங்கிய மழையைத்தான். அடுத்த தலைமுறை தேடும்போது அங்கே நீர் இருக்க வேண்டுமானால், இன்று பெய்யும் மழையை நாம் நிலத்தினுள் அனுப்பியாக வேண்டும்.