நாய் கேட்ட கதை

நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதா என்று சிரிக்காதீர்கள். இந்த யோசனையின் வேரைத் தேடிப் போனால், அங்கேயும் ஒரு மனிதரைப் பார்த்து நாலு பேர் சிரித்திருக்கிறார்கள்.

போரிஸ் லெவின்சன் நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியலாளர். 1950களில் ஒருநாள், யாரிடமும் ஒட்டாத ஒரு பையனைக் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்து வந்துவிட்டார்கள். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அவர் அறையில் இருந்தது. ஓடிப்போய்ப் பையனை நக்கியது. அவனும் பயப்படாமல் அதைத் தடவிக்கொடுத்தான். நாயிடம் ஒட்டியவன் மெல்ல மெல்ல டாக்டரிடமும் ஒட்டிக்கொண்டான்.

1961ல் உளவியலாளர்கள் மாநாட்டில் இதைச் சொன்னபோது, வாங்குகிற ஃபீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று கிண்டலடித்தார்களாம்! மனிதர் அசரவில்லை. 1962ல் கட்டுரை எழுதினார், 1969ல் புத்தகமே போட்டுவிட்டார்.

1983ல் இன்னொரு ஆய்வு. சத்தமாக வாசிக்கும்போது குழந்தைகளின் ரத்த அழுத்தம் ஏறும். அறையில் ஒரு நாய் இருந்தால் அது குறைவாக இருப்பதைக் கண்டார்கள்.

வாசிப்பையும் நாயையும் முறையாகச் சேர்த்தது 1999ல். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் சாண்டி மார்ட்டின் என்ற நர்ஸ், தன் நாய் ஒலிவியாவோடு நூலகத்தில் இதைத் தொடங்கினார். பரிசோதித்துச் சான்று பெற்ற நாய்கள்தான் வரும். பிள்ளை தடுமாறினால் கூட இருக்கும் தொண்டர் திருத்த மாட்டார். 'இந்த வார்த்தை இவளுக்குப் புரியலையாம், நீ கொஞ்சம் சொல்லிக் கொடேன்' என்பார். அவ்வளவுதான், மாணவன் வாத்தியாராகிவிடுவான்!

இதனால் வாசிப்புத் திறன் நிச்சயம் கூடுமா? 2016ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பலன் தெரிகிறது, ஆனால் சான்றுகள் அத்தனை வலுவில்லை என்றார்கள். நியாயமான தீர்ப்பு.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் உண்டு. புனேயில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். ஹிந்தியும் ஆங்கிலமும் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டித்தான். 'பழம்' 'பளம்' ஆகும்போது யாராவது ஒருவர் சிரித்தால் போதும், அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளை வாயே திறக்காது. ஊரில் இருந்தால் கடைப்பலகை, பஸ் போர்டு என்று தமிழ் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். இங்கே வாய் மூடினால் மொழியும் மூடிக்கொள்ளும்.

சிரிக்காத நாய்க்கு எங்கே போவது? எழுத்தே தெரியாத தம்பி தங்கைகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறேன். அவர்களுக்குக் கதைதான் முக்கியம், ழகரம் இல்லை.

தொலைபேசியில் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு விண்ணப்பம். பக்கம் முடியும்வரை மட்டும் ஒலிவியாவாக இருங்கள். திருத்தத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.