பூனாச்சி

பெருமாள்முருகன் எழுதிய தமிழ் நாவல் (காலச்சுவடு, 2016). முழுத்தலைப்பு ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. முதிய உழவர் தம்பதியின் வீட்டு வாழ்வை அவர்கள் வளர்க்கும் பூனாச்சி என்ற கருப்பு வெள்ளாட்டின் உணர்வை ஒட்டிப் படர்க்கையில் சொல்வது. விலங்குப் புனைவு, உருவக நாவல் ஆகிய வகைகளில் அடங்கும்.

தன் முந்தைய நாவலான ‘மாதொருபாகன்’ பற்றிய சர்ச்சையால் 2015 ஜனவரியில் எழுத்தைத் துறந்த ஆசிரியர், 2016 ஜூலையில் அந்நாவல் குறித்து வந்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எழுதிய முதல் நாவல் இது. மனிதரைப் பற்றி எழுத அச்சம், மாடும் பன்றியும் எழுதக் கூடாதவை, நாயும் பூனையும் கவிதைக்குரியவை, ஆகவே ஆடு என்று முன்னுரை கூறுகிறது.

ஆட்டுக்குட்டிகளுக்குக் காது குத்தி அரசுக் கணக்கில் சேர்க்க மக்கள் வரிசையில் நிற்கும் பகுதி நாவலின் கூர்மையான அரசியல் பகுதி. பூனாச்சி ஏழு குட்டிகள் ஈனுதலும் பஞ்சமும் பின்தொடர்கின்றன. ந. கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் ஜேசிபி பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது.